ஊரி குழறுகிறது

கரடியனாற்றிலே ஒரு நாள் தமிழ்ப் பாடவேளை. 'மீன்பாடும் தேன்நாடு' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதும்படி மாணவர்களிடம் சொன்னேன். பின் வாங்கில் இருந்த ஒரு பையன் எழுந்து நின்று, "சேர், மீன் பாடுதெண்டா அதுக்குப் பாட்டு எழுதிக் குடுத்த ஆரு?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. அவனுக்குப் பக்கத்தில் இருந்தவன், "எங்கட ஊர்ப் பேரிலயும் கரடி இருக்கு சேர், அது ஒரு நாளும் பாடல்லயே" என்று சேர்த்துக்கொண்டான். நானும் சிரித்துவிட்டேன். ஆனால் வீடு திரும்பும் வழியில் அந்தக் கேள்வி என்னோடு கூடவே வந்தது. செங்கலடியிலிருந்து பதுளை வீதியால் உள்நாட்டுக்குப் போனால் வருவது கரடியனாறு. அங்குள்ள பிள்ளைகளுக்கு வயலும் குளமும் காடும் தெரியும். பாடும் மீனோ அவர்களுக்குக் கலியாண அழைப்பிதழிலும் விழா மலர்களின் அட்டையிலும் காண்கிற ஒரு சொற்றொடர் மாத்திரமே. அவர்களுக்கு மட்டுமா? வாவிக்கரையிலே பிறந்து வளர்ந்தவர்களிலும் அந்தப் பாட்டைத் தம் காதாற் கேட்டவர் எத்தனை பேர்?

பாடும் மீனைப் பற்றிப் பேசினால் வெளியூர் நண்பர்கள் ஒரு புன்முறுவலோடுதான் கேட்கிறார்கள். கொம்பு முளைத்த குதிரை, பேசும் கிளி என்னும் வரிசையில் அதையும் வைத்துவிடுகிறார்கள். ஆகவே இன்று இந்தப் 'பாட்டின்' வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம். உண்மையில் இது மீனின் வரலாறு அன்று, காதுகளின் வரலாறு. யார் கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள், கேட்டதை என்ன செய்தார்கள் என்பதே இதில் நாம் அறிய வேண்டியது.

எழுத்திலே நன்கு அறியப்பட்ட முதற் சாட்சி ஓர் ஆங்கில அதிகாரி. 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1848 செப்டெம்பரிலே மட்டக்களப்புக்கு வந்தார். கோட்டைக்கு எதிரே உள்ள தோணித்துறையை அண்டி, நீருக்கடியிலிருந்து இசை கேட்கிறது என்று ஊரார் சொன்னது அவர் காதில் விழுந்தது. கோடை காலத்தில், நிலவு நிறைவை அண்டிய இரவுகளில், நீர் அசைவற்றிருக்கும் வேளையில் அது நன்றாகக் கேட்கும் என்றார்கள். அவர் கதை கேட்டதோடு நிற்கவில்லை. நிலவு எழுந்தபின் மீனவரோடு தோணியில் ஏறிக் கோட்டைத் துறையிலிருந்து வடகிழக்காகச் சில நூறு முழம் போனார். காற்று இல்லை, துடுப்பு விழும் இடத்திலன்றி வேறெங்கும் அலை இல்லை. அங்கே அவர் கேட்டார்.

தாம் கேட்டதை 1859இல் வெளியான தமது இலங்கை வரலாற்று நூலிலும், 1861இல் வந்த இயற்கை வரலாற்று நூலிலும் அவர் விரிவாக எழுதியிருக்கிறார். அது நீண்டு ஒலிக்கும் ஒரே சுரம் அன்று. தெளிவான பல சிறு ஒலிகளின் கூட்டம் என்பது அவர் கருத்து. நனைந்த விரலைக் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பிலே தேய்த்தால் எழும் அதிர்வுக்கு அதை ஒப்பிடுகிறார். தோணியின் பலகையிலே காதை வைத்தபோது ஒலி பன்மடங்கு பெருகியது. தோணி நகர நகர ஒலி மாறியது; ஓரிடத்தில் அற்றுப்போனது; பழைய இடத்துக்குத் திரும்பி வந்தால் மறுபடியும் கேட்டது. ஆகவே ஒலிக்குக் காரணமான உயிர் நீந்தித் திரிவதன்று, ஓரிடத்திலே தங்கியிருப்பது என்று அவர் நினைத்தார். மீனவர்களும் அவருக்கு மீனைக் காட்டவில்லை. சில ஊரிகளை எடுத்துக் காட்டி, பாடுவது இவைதான் என்றார்கள்.

இங்கேதான் ஒரு வேடிக்கை நிகழ்ந்திருக்கிறது. அந்த ஊரிக்கு மீனவர் இட்ட பெயர் என்று டெனன்ட் ஆங்கில எழுத்துகளில் ஒரு தொடரைப் பதிவுசெய்கிறார். அதை உள்ளபடி வாசித்தால் 'ஊரி கூலீரூ கிராடூ' என்று வரும். அழுகின்ற சிப்பி என்று பொருளும் தருகிறார். அந்தப் பெயரிலேயே ஓசை பொருளை எதிரொலிப்பதாக வியக்கிறார். நேயர்களே, இந்தத் தொடரை வாய்விட்டு இரண்டு தரம் சொல்லிப் பாருங்கள். 'ஊரி குழறுகிறது' என்பதல்லவா அது? ஊரி என்பது சங்கு, சிப்பி இனத்துக்கு நம்மவர் வழங்கும் சொல். குழறுதல் என்றால் வாய்விட்டு அழுதல். செத்த வீட்டிலே குழறினார்கள் என்று இன்றும் சொல்கிறோம். "இது என்ன?" என்று துரை கேட்டிருப்பார். "ஊரி குழறுகிறது ஐயா" என்று மீனவர் மறுமொழி சொல்லியிருப்பார். ஒரு முழு வாக்கியம் ஓர் உயிரினத்தின் பெயராகிப் புத்தகம் ஏறிவிட்டது என்றே நான் கருதுகிறேன். பெயர் பிழைத்துப் போனாலும் ஓர் இலாபம் உண்டு. நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் நம் வாவியிலே தோணி வலித்த ஒரு மனிதனின் பேச்சு, அவன் பெயர் இல்லாமல், அப்படியே நமக்குக் கிடைத்திருக்கிறது. அவனுக்கு அது பாட்டுக்கூட அன்று, அழுகை.

அப்படியானால் குழறுவது ஊரியா, பாடுவது மீனா? ஊரிக்குக் குரல் எழுப்பும் உறுப்பு எதுவும் இருப்பதாக உயிரியலார் கண்டதில்லை. மீன்களுக்கோ அது உண்டு. கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே அரிஸ்டோட்டில், மீன்களுக்கு நம்மைப்போல் குரல்வளை இல்லாவிட்டாலும் சில மீன்கள் உறுமவும் கீச்சிடவும் செய்கின்றன என்று எழுதிவைத்தார். மீனின் வயிற்றறைக்குள் இருக்கும் காற்றுப்பையே அதற்கு மத்தளம். அதைச் சுற்றியுள்ள தசைகள் மிக விரைவாகச் சுருங்கி விரியும்போது பை அதிர்கிறது. சில மீன்கள் செட்டையின் முள்ளையோ தொண்டைப் பல்லையோ உராய்ந்தும் ஒலி எழுப்புகின்றன. கெளிற்று மீனைத் தூண்டிலில் இருந்து கழற்றும்போது அது முனகுவதைக் கேட்காத பிள்ளை நம் பக்கத்தில் இல்லை. தமிழ்நாட்டுக் கரையில் ஒரு மீனுக்குக் கீச்சான் என்றே பெயர். நூல் படித்தவர் ஐயுறுமுன்னே வலை இழுத்தவர் பெயர் வைத்துவிட்டார்.

பாடும் மீனைக் கேட்டுச் சிரிப்பவர்களுக்குச் சொல்ல இரண்டு செய்திகள் உண்டு. இரண்டாம் உலகப் போர் நடந்த 1942இல் அமெரிக்காவின் செசபீக் குடாவிலே எதிரியின் நீர்மூழ்கிகளை அறிவதற்காக நீருக்குள் ஒலிவாங்கிகளை இறக்கினார்கள். அவற்றில் கேட்ட பேரிரைச்சல் கடற்படையையே திகைக்க வைத்தது. கடைசியில் பார்த்தால், அது கத்தலை இன மீன்களின் கூட்டுக் கச்சேரி. 1980களில் கலிபோர்னியாவின் சோசலீட்டோ என்னும் ஊரில், படகு வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு இரவிலே தூக்கம் போயிற்று. நீருக்கடியிலிருந்து ஓயாத ஒரு ரீங்காரம். கழிவுநீர்ப் பம்பி என்றார்கள். இராணுவத்தின் இரகசியச் சோதனை என்றார்கள். வேற்றுலகத்தவர் என்றுகூடச் சிலர் சொன்னார்கள். ஆராய்ந்த விலங்கியலார், தேரையை ஒத்த ஒரு மீனின் ஆண் தன் துணையை அழைக்கும் ஒலி அது என்று கண்டார்கள். மணிக்கணக்காக மூச்சு விடாத ஆலாபனை! ஊரார் தூக்கமின்மையை மறந்து, அந்த மீனின் பெயரால் விழாவும் எடுத்தார்கள். நம் வாவி மீன் மாத்திரம் பாடக்கூடாது என்று சட்டம் உண்டா?

நம் மீனவர் கேட்ட முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் துடுப்பின், அதாவது சவளின், ஒரு நுனியை நீரில் ஆழ்த்தி மறு நுனியைக் காதோடு வைத்துக் கேட்பார்கள். பார்ப்பவருக்கு இது ஒரு கோமாளித்தனமாகத் தோன்றலாம். ஆனால் இயற்பியல் அவர்கள் பக்கம்தான் நிற்கிறது. காற்றில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் போகிறது. நீரிலே ஏறத்தாழ 1500 மீற்றர். 1826இல் ஜெனீவா ஏரியில் மணியை நீருக்குள் அடித்து இதனை அளந்தார்கள். நீருக்குள் எழும் ஒலி மேற்பரப்பை அடைந்ததும், ஆயிரத்தில் ஒரு பங்களவே காற்றுக்குள் நுழைகிறது. மிகுதி திரும்பி நீருக்குள்ளேயே போய்விடுகிறது. ஆகவே கரையில் நின்று காது கொடுத்தவன் ஒன்றும் இல்லை என்பான். மரத்தின் வழியாகக் கேட்டவன் உண்டு என்பான். இருவரும் பொய் சொல்லவில்லை. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் லியனார்டோ டா வின்சி, நீரில் ஒரு குழாயை ஆழ்த்தி மறுமுனையைக் காதில் வைத்தால் தூரத்துக் கப்பலை அறியலாம் என்று குறித்துவைத்தார். அவர் குறிப்பேட்டில் எழுதியதை நம் மீனவர் எழுதாமலே செய்து வந்தார்கள்.

இந்த வாவியை வேறொரு விதமாகக் கேட்டவர் சுவாமி விபுலாநந்தர். 1892இல் காரைதீவிலே பிறந்த அவர் முதலிலே கற்றது விஞ்ஞானம். இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. இராமகிருஷ்ண சங்கத் துறவியாகி, கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை 1929இல் நிறுவியவர். அந்த இடமும் வாவியின் அயல்தான். பழந்தமிழரின் யாழ் மறைந்துபோய்விட்டது. அதன் பெயர்களும் நரம்புக் கணக்கும் மாத்திரமே நூல்களில் எஞ்சியிருந்தன. பேரியாழுக்கு 21 நரம்பு, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்று உரைகள் சொல்லும். அவற்றை வைத்துக்கொண்டு, விஞ்ஞானி ஒருவரின் கணிதத்தோடு, அந்த இசையை மீட்டெடுக்க அவர் பல ஆண்டு உழைத்தார். அதன் பயனே கரந்தைத் தமிழ்ச் சங்க வெளியீடாக 1947இல் வந்த யாழ்நூல். அவ்வாண்டு ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரிலே நூல் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆந் திகதி சுவாமிகள் மறைந்தார்.

அந்த யாழ்நூலோடு தொடர்புடையது 'நீரரமகளிர்' என்ற அவரது பாடற்பகுதி. நிலவு எறிக்கும் இரவில் மட்டக்களப்பு நீர்நிலையிலே எழும் இசையை நீர் உறை தெய்வமகளிரின் பாடலாக அவர் கற்பனை செய்தார். மகரம் என்பதும் ஒரு மீன். அதன் வடிவத்தால் பெயர் பெற்றது மகரயாழ். இசைக்கருவிக்கு மீனின் பெயரை இட்ட மரபிலே வந்த ஒருவர், மீன் பாடும் வாவியின் கரையிலே இருந்து அந்தக் கருவியை ஆராய்ந்தார் என்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. அதிகாரி எது பாடுகிறது என்று தேடினார். துறவி எப்படிப்பட்ட இசை என்று தேடினார். இரண்டு தேடலும் தேவையானவையே.

இனி 1924ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டிலேதான் கல்லடிப் பாலம் கட்டப்பட்டது. தேசாதிபதி சேர் வில்லியம் மனிங்கின் மனைவி பெயரால் லேடி மனிங் பாலம் எனப்பட்ட அந்த இரும்புப் பாலம், தோணித்துறையின் தேவையை ஒழித்தது. பாட்டுக் கேட்கப் போகிறவர்களுக்கும் பாலத்தடியே அடையாள இடமாயிற்று. அதே ஆண்டு மே 19ஆந் திகதி இங்கிலாந்தில் ஒரு வேடிக்கை நடந்தது. சரே மாவட்டத்து ஒக்ஸ்ரெட் என்னும் ஊரில் பியற்றிஸ் ஹரிசன் என்ற பெண்மணி தமது தோட்டத்தில் இருந்து செல்லோ வாசிக்க, கூடவே இராப்பாடிக் குருவி பாடியதை பிபிசி நேரடியாக ஒலிபரப்பியது. நாடே உருகிப்போயிற்று. ஆண்டுதோறும் அந்த நிகழ்ச்சி தொடர்ந்தது. 1942இல் அதே நேரம் வானத்திலே குண்டு விமானங்கள் போன ஓசையும் சேர்ந்துகொள்ள, எதிரிக்குத் தகவல் போய்விடும் என்று ஒலிபரப்பை நிறுத்தினார்கள். 2022இலோ, முதல் நாள் பாடியது குருவியே அல்ல, பறவைக் குரலில் சீழ்க்கையடிக்கும் ஒரு கலைஞர் என்ற ஐயம் பேசப்பட்டது. குருவியோ கலைஞரோ, அன்று கேட்டவர்களின் உருக்கம் பொய் அல்ல. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். அவர்களுடைய குருவியை உலகம் நம்பிற்று. நம்முடைய மீனைக் கண்டு நகைத்தது. ஒலிவாங்கி இருந்த இடத்திலே நம்பிக்கையும் இருந்தது.

அந்த ஒலிவாங்கி நம் வாவிக்கும் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மட்டக்களப்பிலே பணியாற்றிய அமெரிக்க இயேசு சபைத் துறவி லாங் அடிகளார், நீருக்குள்ளே கருவியை இறக்கி அந்த ஒலியைப் பதிவுசெய்தார். வானொலி அதை ஒலிபரப்பியது. 1925இல் தொடங்கிய நம் நாட்டு வானொலி எத்தனையோ சங்கீத வித்துவான்களைக் கேட்கச் செய்திருக்கிறது. பெயர் தெரியாத, முகம் தெரியாத, சன்மானம் வாங்காத ஒரு பாடகரையும் அது அரங்கேற்றியது என்பது எண்ணிப் பார்க்க இனிய செய்தி. வெளிநாட்டவருக்கு அது ஒரு வினோதம். நமக்கோ, இது கட்டுக்கதை அன்று என்பதற்கு ஒரு சாட்சி.

ஆனால் இந்தச் சாட்சிகளுக்குப் பின்னால் நிற்பவர் யார்? டெனன்டை அந்த இடத்துக்குக் கூட்டிப்போனவர்கள் மீனவர்கள். கருவி வந்த காலத்திலும் எந்த இடத்தில், எந்தப் பறுவத்தில் இறக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் அவர்களே. நூல்களில் அதிகாரியின் பெயர் இருக்கிறது, அடிகளாரின் பெயர் இருக்கிறது. தோணி வலித்தவனின் பெயர் எங்கும் இல்லை.

இப்போது அந்தக் காதுகளும் குறைந்து வருகின்றன. போர் நடந்த ஆண்டுகளில் இரவிலே வாவியில் இறங்குவது உயிரைப் பணயம் வைப்பதாக இருந்தது. தகப்பனோடு தோணியில் போய்க் கேட்டுப் பழக வேண்டிய பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தார்கள். 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் பொங்கி, கல்லடி, நாவலடிக் கரைகளின் குடும்பங்களை அள்ளிக்கொண்டு போனது. 2013இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. போக்குவரத்துக்கு அது பெரும் உதவி. பழைய பாலம் பக்கத்தில் நிற்கிறது. தோணியிலே இயந்திரம் பூட்டியாயிற்று. ஊரின் கழிவும் வாவியைத் தேடி வருகிறது. நீருக்குள் ஒலி நன்றாகப் பரவும் என்று முன்னே சொன்னேன். நல்ல ஒலிக்கு மாத்திரம் அல்ல, இரைச்சலுக்கும் அதே விதிதான்.

சில காலத்துக்கு முன் ஒரு பறுவ இரவில் வயதான மீனவர் ஒருவரோடு தோணியில் போனேன். பாலத்தடியிலே சவளை நீரில் ஆழ்த்திக் காதில் வைத்தேன். வாகனங்களின் அதிர்வு மாத்திரமே கேட்டது. "ஒண்டும் இல்லையே அப்பு" என்றேன். அவர் சிரித்தார். "தம்பி, வந்த உடனே பாடுறத்துக்கு அது றேடியோ இல்ல. கொஞ்சம் சும்மா இரி. மறுகா கேள்" என்றார். நள்ளிரவை அண்டி வீதி அடங்கியது. செம்புக் குடத்தின் விளிம்பை எங்கோ யாரோ விரலால் தொட்டதுபோல ஓர் ஒலி, பிறகு இன்னொன்று. சத்தியம் செய்து சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைவிட நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று மட்டும் தெரிந்தது.

அடுத்த பாடவேளையில் கரடியனாற்றுப் பையனுக்கு மறுமொழி சொன்னேன். "பாட்டு எழுதிக் கொடுத்தவர் ஒருவரும் இல்லை மகன். பாடுவது எந்த உயிர் என்பதுகூட ஐயமற நிறுவப்படவில்லை. அதைக் கேட்டவர்களைத்தான் எழுதிவைக்க வேண்டும்." விடுமுறையிலே வாவிக்கரை உறவினர் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தேன். அங்குள்ள வயதானவர்களிடம் எந்த இடத்தில், எந்த மாதத்தில், எப்படிக் கேட்டீர்கள் என்று விசாரித்து, அவர்கள் சொன்ன சொல்லிலேயே, அவர்கள் பெயரோடு எழுதி வரவேண்டும்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கலாம். அவரிடம் கேளுங்கள், பெயரோடு எழுதிவையுங்கள். முன்னொரு காலம் எழுதியவர் நம் மொழி தெரியாமல் ஒரு வாக்கியத்தைப் பெயராக்கினார். மொழி தெரிந்த நாமோ, ஒரு பெயரையும் எழுதாமல் விட்டோம்.